மாலை போட்ட 48 நாள் அடிக்காதவர்: மனைவியை அடிக்கும் ஆண்களுக்குப் பக்தி வழிக் குழு நடத்துவது பற்றி

கேள்வி இதுதான்: "பாலக்கோடு பக்கம் எங்கள் பங்கில், மனைவியை அடிக்கும் ஆண்களுக்காக ஜெபக் குழு மாதிரி ஒன்றை வாராவாரம் நடத்தலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. பக்கத்து ஊர்க் கோயில் தர்மகர்த்தாவும் சேர்ந்து செய்யலாம் என்கிறார். சாமி பெயரால் சொன்னால் கேட்பார்களா? எப்படி நடத்துவது? எங்கே தப்பாகும்?"

வருவார்கள். போலீஸ் கூப்பிட்டு வராதவர்கூட சாமி பெயரில் கூப்பிட்டால் வருவார். ஆனால் வந்து உட்கார்ந்ததையே மாற்றம் என்று எண்ணிக்கொள்வதில்தான் இப்படிப்பட்ட குழுக்கள் முதலில் சறுக்குகின்றன. அவரைப் பக்திமான் ஆக்குவதுதான் நோக்கம் என்று வைத்தால், ஆறு மாதத்தில் நெற்றி நிறைய விபூதியோடு அடிக்கிற புருஷன் ஒருவர் கிடைப்பார். அவர் மனைவியும் பிள்ளைகளும் அந்த வீட்டில் பயமில்லாமல் இருப்பதுதான் நோக்கம் என்றால், நடத்தும் விதமே மாறிவிடும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

முதலில் மாலையை எடுத்துக்கொள்வோம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கார்த்திகை பிறந்துவிட்டால் தெருவுக்கு நாலு பேர் கறுப்பு வேட்டியில் நிற்பார்கள். ஒரு மண்டலம், 48 நாள். கறி இல்லை, குடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. அவர்களில் மனைவியை அடிக்கிற ஒருவர், குழம்பில் உப்புத் தூக்கலாக இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போகிறார். போன மாதம் அதே உப்புக்குத் தட்டு சுவரில் பறந்திருக்கும். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் பழைய ஆள் திரும்பி வந்துவிடுகிறார். "மாலை போட்டிருந்தவரை தங்கமா இருந்தாரு" என்று ஊரே சொல்லும், சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடும். அதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த 48 நாளும் அதே மனைவி, அதே கடன், அதே மாமியார், அதே வெயில். கோபமும் வந்திருக்கும். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படியென்றால் "கோபம் வந்தா எனக்கு கண்ணு மண்ணு தெரியாதுங்க" என்பது உண்மையில்லை. பெங்களூரில் சித்தாள் வேலையில் மேஸ்திரி நாய் மாதிரித் திட்டும்போதும் அவருக்குக் கண்ணு மண்ணு தெரியத்தான் செய்கிறது.

ஆகவே முதல் வாரத்தின் முதல் கேள்வி: "மாலை போட்டிருந்தப்ப வீட்டில் கோபம் வந்துச்சா? வந்தப்ப என்ன செஞ்சீங்க?" கிறிஸ்தவராக இருந்தால் தவக்காலத்தின் 40 நாளைக் கேட்கலாம், முஸ்லிமாக இருந்தால் ரமலானை. பதிலை அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பலகையில் எழுதிவிடுங்கள். பிறகு வரும் வாரங்களில் "அடக்க முடியலைங்க" என்று யார் சொன்னாலும் பலகையைக் காட்டினால் போதும். பக்தி வழிக் குழுவுக்கு மற்ற குழுக்களுக்கு இல்லாத பலம் ஒன்று உண்டென்றால் அது இந்தச் சான்றுதான். பலவீனமும் இதற்குள்ளேயே இருக்கிறது. அந்த 48 நாளும் அவர் பயந்தது சாமிக்கு. மனைவி ஒரு மனுஷி என்பதற்காகக் கை நிற்கவில்லை. மாலை கழன்றால் பயமும் கழன்றுவிடும். குழுவின் வேலை அந்த இடத்தில் தொடங்குகிறது. மாலை போட்டுக்கொண்டே அடிக்கிறவர்களும் உண்டு; அவர்கள் வேறு ரகம். அவர்களைக் குழுவில் சேர்ப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

இந்த வகைக் குழுக்கள் புதியவை அல்ல. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் துலுத் நகரில் 1981-ல் தொடங்கிய முறைதான் பலவற்றுக்கும் தாய். அடிபட்ட பெண்கள் சொன்னதைக் கேட்டுத் தொகுத்து ஒரு சக்கரம் வரைந்தார்கள். நடுக்குடத்தில் அதிகாரமும் கட்டுப்பாடும். எட்டு ஆரங்களில் மிரட்டுவது, பயமுறுத்துவது, மட்டம் தட்டுவது, உறவுகளிடமிருந்து பிரித்து வைப்பது, காசைப் பிடித்து வைப்பது, பிள்ளைகளைக் காட்டி மிரட்டுவது, "நான் ஆம்பிளை" என்ற உரிமை, நடந்ததையே "ஒண்ணும் நடக்கல" என்று மறுப்பது. அடியும் பலாத்காரமும் வெளி வட்டம். மாதத்துக்கு ஒரு முறை விழும் அடி மற்ற 29 நாளும் அந்த எட்டு ஆரங்களை இறுக்கிப் பிடித்து வைக்கிறது. அங்கே பாடத்திட்டம் 27 வாரம் ஓடும். கலிபோர்னியா சட்டப்படி 52 வாரம், வாரத்துக்கு 2 மணி நேரம். மதத் தலைவர்களுக்கு இந்த விஷயத்தில் பயிற்சி கொடுக்கும் ஃபெய்த் டிரஸ்ட் நிறுவனம் சியாட்டிலில் 1977-ல் தொடங்கியது. பலன் எவ்வளவு என்று கேட்டால், 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2004-ஆம் ஆண்டு அலசல் ஒன்றில், போலீஸ், கோர்ட் நடவடிக்கையோடு மட்டும் விடப்பட்டவர்களுக்கும் வகுப்புக்கும் போனவர்களுக்கும் இருந்த வித்தியாசம் 5 சதவீத அளவுதான். இதைப் படித்துவிட்டுக் கடையைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் யாருடைய மனைவியிடமும் "குழுவுக்கு வர்றாரும்மா, இனிமே கவலையில்ல" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வேலை அவளிடம்தான் தொடங்க வேண்டும். அவரைச் சேர்ப்பதற்கு முன் மனைவியிடம் தனியாக ஒருவர் பேச வேண்டும். பேசுவது பெண்ணாக இருக்க வேண்டும். அவருக்குச் சொந்தக்காரியாக, அதே தெருக்காரியாக இருக்கக் கூடாது. போனில் என்றால், அந்தப் போன் யார் கையில் இருக்கிறது, அதில் அழைப்பு பதிவாகிறதா, அவளுடைய வாட்ஸ்அப் அவர் போனிலும் திறந்து கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்ட நாளில், கூட்டம் முடிந்ததும் பேசுவது நம்மூரில் யார் கண்ணையும் உறுத்தாத வழி. அவளிடம் சொல்ல வேண்டியவை நாலு: நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதுக்குப் போகாது, அவர் குழுவுக்கு வருவதால் நீங்கள் திரும்பிப் போக வேண்டிய கட்டாயமில்லை, இந்தக் குழு அவரை மாற்றிவிடும் என்று நாங்கள் உறுதி தரவில்லை, அவர் வராமல் நின்றால் அன்றைக்கே உங்களுக்குச் சொல்வோம்.

அப்புறம் கேட்க வேண்டியவை. கழுத்தை நெரித்திருக்கிறாரா? அரிவாள், மண்ணெண்ணெய், பூச்சி மருந்து என்று எதையாவது எடுத்து மிரட்டியிருக்கிறாரா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா? விருப்பமில்லாமல் படுக்கையில் பலவந்தம் உண்டா? போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருகிறாரா? "செத்துடுவேன், உன்னையும் சேர்த்துக்கிட்டுத்தான் போவேன்" என்று சொன்னதுண்டா? சமீபத்தில் வீட்டை விட்டுப் போனாளா, போகப் போகிறாளா? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் கிளம்பும் சமயம்தான் மிக ஆபத்தானது. கழுத்தை நெரிப்பது தனி ரகம். அப்படி ஒருமுறை நடந்த பெண் பின்னால் அதே ஆளால் கொல்லப்படும் அபாயம் ஏறத்தாழ 7 மடங்கு என்று ஆய்வு சொல்கிறது. கழுத்தில் தடமே இல்லாமல் உள்ளே வீங்கலாம். குரல் கம்மினால், எச்சில் விழுங்க வலித்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவற்றில் ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலும் அந்த ஆள் உங்கள் குழுவுக்கு ஏற்றவர் இல்லை. அவளுக்குப் பெண்கள் உதவி எண் 181, உடனடி ஆபத்து என்றால் 112, மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர். ஜெபக் கூடத்தில் வைத்துத் தீர்க்கிற காரியம் இல்லை இது.

இங்கே நம் மாவட்டங்களுக்கே உரிய சிக்கல்கள் இரண்டு. ஒன்று சொந்தத்தில் கட்டுவது. அக்கா மகளைக் கட்டியவர் அடிக்கிறார் என்றால், "அம்மா வீட்டுக்குப் போய் இரு" என்று சொல்வதன் பொருள் "அவருடைய அக்கா வீட்டுக்குப் போய் இரு" என்பதுதான். அந்த அம்மா மகளையும் விட முடியாது, தம்பியையும் விட முடியாது. பெரும்பாலும் "பொறுத்துக்கோ கண்ணு, நம்ம மாமன்தானே" என்பதில்தான் முடியும். அவள் போய் நிற்க மூன்றாவது இடம் ஒன்றைக் கண்டுபிடித்து வைக்காமல் குழு தொடங்க வேண்டாம். இரண்டாவது, மனைவிக்கு 18 நிரம்பியிருக்காது. அஞ்செட்டி, பென்னாகரம் மலைக்கிராமங்களில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். அப்போது இது குடும்பச் சண்டையே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி தெரிந்தவர் தகவல் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசலாமே என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். பங்குத்தந்தையோ ஊர்க் கவுண்டரோ நல்லெண்ணத்தில்தான் சொல்வார். கூடாது. அவர் பக்கத்தில் இருக்கும்போது அவள் உண்மையைச் சொன்னால் அதற்கான விலையை ராத்திரி வீட்டில் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் பிரச்சினை சின்னது என்று நீங்கள் எழுதி வைப்பீர்கள். அதோடு, சேர்ந்து உட்கார்ந்ததுமே பேச்சு "ரெண்டு கை தட்டினாத்தானே சத்தம்" என்று திரும்பிவிடும். குழுவுக்குக் "குடும்ப ஒற்றுமை ஜெபம்" என்று பெயர் வைத்தாலும் இதே கதிதான். ஜோடியாக வரத்தான் சொல்வார்கள். "ஆண்கள் பொறுப்புக் குழு" என்று வையுங்கள், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இந்த விஷயத்தில் ஊர்ப் பஞ்சாயத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. 14-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் கவுன்சலிங்குக்கு அனுப்பலாம். அதற்கான 2006 விதிகள், அடித்ததற்கு எந்த நியாயமும் கவுன்சலிங்கில் பேசக் கூடாது, இதை ஆரம்பிக்கும் முன்பே அவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்கின்றன. இனி அப்படிச் செய்யமாட்டேன் என்று அவர் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். இரு தரப்பில் யாருக்காவது உறவினராக இருப்பவர் கவுன்சலராக இருக்க முடியாது. உங்கள் குழு கோர்ட் அனுப்பியதல்ல, விதிகள் உங்களைக் கட்டாது. ஆனாலும் இந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் கஷ்டம், ஏனென்றால் ஊருக்குள் எல்லோரும் மாமன் மச்சான். தர்மபுரிக்காரருக்குக் காவேரிப்பட்டணத்து ஆள், காவேரிப்பட்டணத்தாருக்குத் தர்மபுரி ஆள் என்று மாற்றி வைத்தால் ஓரளவு சரியாகும். தர்மபுரி மறைமாவட்டத்துக்குள் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமுமே வருவதால் பங்குகளுக்கு இது முடியாத காரியமல்ல.

சேரும் நாளில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். கற்பூரம் அணைத்துச் சத்தியம், பைபிள்மேல் கை என்பதெல்லாம் அவர் விரும்பினால் கூடுதலாக இருக்கட்டும். சத்தியம் அவருக்கும் சாமிக்கும் நடுவில் இருப்பது. அதை மீறினால் பரிகாரம் செய்து முடித்துவிடலாம். தாளில் இருக்க வேண்டியவை: கை வைக்கமாட்டேன், மிரட்டமாட்டேன், குழுவினர் என் மனைவியிடம் பேசுவார்கள், என்ன பேசினார்கள் என்று நான் கேட்கமாட்டேன், கோர்ட்டு உத்தரவு இருந்தால் அதன்படி நடப்பேன், குடித்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்பலாம், குழு நடக்கும் 26 வாரத்தில் 3 தடவைக்கு மேல் வராவிட்டால் முதலிலிருந்து தொடங்குவேன், யாரையாவது கொல்லப் போவதாகவோ அடிக்கப் போவதாகவோ இங்கே சொன்னால் அதைக் குழு வெளியே சொல்லும். கடைசி வரியைக் கத்தோலிக்கப் பங்கில் அழுத்தி விளக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்லவே முடியாது. ஆகவே யாருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கிறாரோ அவரை வைத்தே குழுவை நடத்த வேண்டாம். எந்தக் காதில் கேட்டது என்ற குழப்பம் வரும்.

நேரம் ஞாயிறு காலை 9:30 முதல் 11:30. இதற்குக் காரணம் பக்தி அல்ல. ஓசூர், பெங்களூர் வேலைக்குப் போகிறவர்கள் சனி ராத்திரி வந்து திங்கள் விடியற்காலை கிளம்புகிறார்கள். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கிறது. ஒரு குழுவில் 8 முதல் 12 பேர். நடத்த இருவர், ஆண் ஒருவர், பெண் ஒருவர். ஆண் பேசிக்கொண்டிருக்கும்போது பெண் குறுக்கிட்டால் அறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே பாதி பாடம். மாங்காய்ப் பருவத்தில் வருகை குறையும். மாரியம்மன் பண்டிகை வாரத்தில் ஒருவரும் வரமாட்டார்கள், அந்த வாரத்தை முன்கூட்டியே விட்டுவிடுங்கள். ஜெபம் தொடக்கத்தில் 5 நிமிடம், முடிவில் 5 நிமிடம். இரண்டு மதத்தாரும் உட்கார்ந்தால் மௌனம் போதும். பாட்டும் பிரசங்கமும் நீண்டால் அந்த நேரத்தில் அவர் ஒளிந்துகொள்வார்.

மீதி நேரத்தில் ஒருவருடைய ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்து, நிமிடம் நிமிடமாகப் பிரியுங்கள். நம் மொழி அவருக்கு எப்படி உதவி செய்கிறது என்று அப்போது தெரியும். "வாய்த் தகராறு ஆச்சுங்க, கோபம் வந்துருச்சு, கை நீண்டுருச்சு, ஒரு அடி விழுந்துருச்சு." நாலு வாக்கியம், ஒன்றில்கூட ஆளே இல்லை. கோபம் எங்கிருந்தோ பஸ் ஏறி வந்தது, கை தானாக வளர்ந்தது, அடி மாங்காய் போல விழுந்தது. நடத்துபவர் செய்ய வேண்டியது இலக்கண வாத்தியார் வேலை: ஒவ்வொரு வாக்கியத்தையும் "நான்" என்று தொடங்கித் திருப்பிச் சொல்லச் சொல்வது. "நான் கதவைச் சாத்தினேன். நான் அவ முடியைப் பிடிச்சேன். நான் வலது கையால கன்னத்துல மூணு தடவ அடிச்சேன். பெரியவன் பாத்துக்கிட்டு நின்னான்." இதைச் சொல்லி முடிக்கச் சிலருக்கு நாலைந்து வாரம் ஆகும். கதவைச் சாத்திய இடத்தில் நிறுத்தி, "ஏன் சாத்தினீங்க?" என்று கேளுங்கள். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று யோசித்துத்தான் சாத்தியிருக்கிறார். கண்ணு மண்ணு தெரியாதவர் தாழ்ப்பாளைத் தேடமாட்டார்.

அதற்கு அடுத்து, அடிக்கு முன்னும் பின்னும் அவர் அடையப் பார்த்தது என்ன என்று கேட்க வேண்டும். கூலிக்காசு எங்கே போனது என்று அவள் கேட்டாள், அடிக்குப் பிறகு கேட்பதில்லை. அவள் தங்கச்சிக்குப் போன் செய்தாள், இப்போது செய்வதில்லை. அடி எதற்குப் பயன்பட்டது என்பது இப்படித்தான் அவருக்கே வெளிச்சமாகும். அதன் பிறகுதான் கோபம் ஏறும்போது வெளியே நடந்துவிட்டு வருவது போன்ற உத்திகள். அவற்றையே முதலில் கொடுத்தால் "நான் வெளிய போயிட்டு வர்றதுக்குள்ள நீ இதைச் செஞ்சு வை" என்று அதையும் ஆயுதமாக்கிக்கொள்வார்கள்.

வேத வாக்கியங்கள் விஷயத்தில் குழு நடத்துபவர் வீட்டுப்பாடம் செய்துகொண்டுதான் உட்கார வேண்டும், ஏனென்றால் வருபவர் செய்துகொண்டு வருவார். எபேசியர் 5-ஆம் அதிகாரம் 22-ஆம் வசனம், மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்பது, எல்லோருக்கும் மனப்பாடம். 21-ஆம் வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது, 25-ஆம் வசனம் கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோலக் கணவன் இருக்கச் சொல்கிறது. அவை ஞாபகத்தில் இருக்காது. மனந்திரும்புதல் என்றால் அழுவது என்று நினைப்பவருக்கு சகேயுவைக் காட்டலாம்: அவன் அழுததாக லூக்காவில் இல்லை, அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். அவள் தாலிக்கொடியை அடகு வைத்துக் குடித்தவர் அதை மீட்டுத் தரட்டும், அது மனந்திரும்புதல். பிரிந்து வாழ்வது பாவம் என்று அவளிடம் யாராவது சொன்னால், உடலுக்கோ மனத்துக்கோ பெரிய ஆபத்து இருந்தால் பிரிந்து வாழலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1153-ஆம் எண்ணிலேயே இருக்கிறது. முஸ்லிம் ஆண்களிடம் நபிகள் எந்தப் பெண்ணையும் அடித்ததில்லை என்ற ஆயிஷா அவர்களின் அறிவிப்பிலிருந்து தொடங்கலாம். ஜமாத்தில் யாரும் அதை மறுக்கமாட்டார்கள். கோயில் தரப்பில் வசனத்தைவிடப் பழமொழிதான் வேலை செய்கிறது. "கல்லானாலும் கணவன்" என்று பூசாரியே சொல்லும் பழக்கம் இருந்தால் முதல் வகுப்பு பூசாரிக்கு.

செய்வினை, கண்ணூறு, ராகு, பிசாசு என்று காரணம் தேடும் இடங்களிலிருந்து குழுவை விலக்கி வையுங்கள். குறி சொல்பவர் "யாரோ வச்சிருக்காங்க" என்றவுடன் அடித்த கைக்கு வேறொரு சொந்தக்காரர் கிடைத்துவிடுகிறார். பெந்தெகொஸ்தே ஜெபவீடுகளில் இதே வேலையைப் பிசாசு செய்கிறது.

இதைவிட ஆபத்து சாட்சி சொல்ல வைப்பது. மூன்றாம் மாதம் ஒருவர் நன்றாகப் பேச ஆரம்பிப்பார். அவரை மேடை ஏற்றத் தோன்றும். அவர் மைக்கைப் பிடித்து, "நான் மிருகமா இருந்தேன், ஆண்டவர் என்னை மனுசனாக்கினார்" என்பார், சபை கைதட்டும், முதல் வரிசையில் அவர் மனைவி சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்தபடி உட்கார்ந்திருப்பாள். அடுத்த வாரம் அவர் அடித்தால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? சபையே கைதட்டிய மனுஷனைப் பற்றி? ஒரு வருடம் முடியும் முன் எவருக்கும் மேடை கிடையாது என்று விதி வையுங்கள். அதன் பிறகும், அவளிடம் தனியாகக் கேட்காமல் கிடையாது. மன்னிப்பும் அப்படித்தான். மன்னிக்கச் சொல்லி அவளிடம் குழுவிலிருந்து யாரும் போகக் கூடாது. மன்னிப்பது அவள் பாடு. மன்னித்தாலும் சேர்ந்து வாழ வேண்டும் என்பதில்லை.

குடியைப் பற்றி ஒரு பத்தியில் முடித்துக்கொள்ளலாம். குடி அடியைப் பெரிதாக்கும், காயத்தை ஆழமாக்கும். ஆனால் குடிக்காமல் அடிப்பவர்கள் ஏராளம், குடித்தும் அடிக்காதவர்கள் அதைவிட ஏராளம். முனியப்பன் கோயிலில் கயிறு கட்டிக் குடியை விட்டவர், நாலு மாதம் கழித்து நிதானமாக, தடம் தெரியாத இடமாகப் பார்த்து அடிக்கலாம். குடிக்கு வைத்தியம் தனியாக நடக்கட்டும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, போனில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. தினமும் குடிப்பவரைக் கயிறு கட்டித் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்த்து மாத்திரையோடு நிறுத்த வேண்டும்.

சான்றிதழ் கொடுக்காதீர்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், கேட்டு வருவார்கள் என்பதுதான். பாதிப் பேர் சேரக் கேட்டு வருவதே மகளிர் காவல் நிலையத்தில் மனு நிலுவையில் இருப்பதால், அல்லது அவள் தாய்வீட்டில் இருப்பதால். "பாதர்கிட்ட வகுப்புக்குப் போறேன், இன்னும் என்ன?" என்று பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அழைக்கப் போவார்கள். கோர்ட்டில் வக்கீல் உங்கள் லெட்டர்பேடை நீட்டுவார். கேட்டால், எத்தனை தேதியில் வந்தார் என்ற வருகைப் பட்டியலை மட்டும் கொடுங்கள். "திருந்திவிட்டார்" என்ற சொல் உங்கள் கையெழுத்துக்கு மேல் வரவே கூடாது. ஏற்கெனவே பாதுகாப்பு உத்தரவு இருப்பவர் அதை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழு கூட்டத்தைச் சாக்காக வைத்து அவளைப் பார்க்க வருவதும் மீறலாகலாம். கொடுமைப்படுத்துதல் வழக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498-ஏ, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. "வழக்கை வாபஸ் வாங்கினால் குழுவில் சேர்கிறேன்" என்பவரைச் சேர்க்காதீர்கள், அவர் பேரம் பேச வந்திருக்கிறார்.

குழுவுக்குள்ளேயே ஆண்கள் ஒருவருக்கொருவர் முட்டுக்கொடுப்பது அடிக்கடி நடக்கும். ஒருவர் "என் பொண்டாட்டி வாய் அப்படிங்க" என்பார், நாலு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை விட்டுவிட்டால் அன்றைய வகுப்பு போய்விட்டது. நடத்துபவரும் சேர்ந்து சிரித்தால் குழுவே போய்விட்டது. அங்கே இல்லாதவளைப் பற்றிப் பேசக் கூடாது, உங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று ஒவ்வொரு முறையும் நிறுத்த வேண்டும். அலுப்புத் தட்டும் வேலைதான்.

மாற்றத்தை அவரிடம் கேட்டு அளக்க முடியாது. மாதம் ஒரு முறை மனைவியிடம் கேட்கும் கேள்விகளைச் சின்னதாக வையுங்கள். அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? கூலிக்காசில் எவ்வளவு அவள் கைக்கு வருகிறது? அவள் போனை அவர் பார்க்கிறாரா? அவள் "முடியாது" என்று கடைசியாக எப்போது சொன்னாள், சொன்ன பிறகு என்ன நடந்தது? அடி நின்று, போனைப் பிடுங்குவதும் காசைப் பிடித்து வைப்பதும் கூடியிருந்தால் சக்கரம் அப்படியே சுற்றுகிறது, வெளி வட்டம் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

செலவு பெரிதில்லை. கூடம் சும்மா கிடைக்கும், டீயும் பிஸ்கட்டும் வாரம் 200 ரூபாய்க்குள் முடியும். ஒவ்வொருவரிடமும் வாரம் 20 ரூபாய் வாங்குங்கள். ஓசியில் கிடைப்பதை ஓசியாகத்தான் மதிப்பார்கள். உண்மையான செலவு பெண்களிடம் பேசும் அந்த ஒருவருக்குத்தான். அவருக்குப் போன் ரீசார்ஜ், பஸ் காசு, மாதம் ஒரு தொகை என்று கொடுத்துவிடுங்கள், சேவை என்று விட்டால் மூன்றாம் மாதம் நின்றுவிடும். அவர் கைப்பையில் ஒரு சீட்டு இருக்கட்டும்: 181, 112, 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100 (பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது), பாதுகாப்பு அலுவலரின் எண். ஞாயிறு 9:45-க்கு வருகைப் பதிவைப் பார்த்து, வராதவர் யாரோ அவர் மனைவிக்கு முதல் அழைப்பு இந்தப் பெண்ணிடமிருந்து போக வேண்டும், அதுவும் அவள் முன்பே சொல்லி வைத்த எண்ணுக்கு, அவள் சொல்லி வைத்த பெயரில்.